கீட்டமைன் ஏற்றும்போதே ஹிப்னாஸிஸ் செய்யலாமா?

கேள்வி: வயது 34. சொந்த ஊர் திண்டுக்கல், வேலை பெங்களூரில், வீடு மாரத்தஹள்ளியில். நான்கு வருடமாக மனச்சோர்வு. செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை பலன் தரவில்லை. இப்போது எஸிடலோபிராம் 20 மி.கி., இரவில் குளோனஸெபாம் 0.5 மி.கி. சாப்பிடுகிறேன். கீட்டமைன் என்ற மயக்க மருந்தை நரம்பு வழியாக ஆறு முறை ஏற்றிப் பார்க்கலாம் என்று என் டாக்டர் சொல்கிறார். தூக்கத்துக்காக நான் பார்த்துவரும் ஹிப்னோதெரபிஸ்ட், "மருந்து ஏறும்போதே உங்களை ஆழ்நிலைக்குக் கொண்டுபோனால் ஆழ்மனதில் இருக்கும் வேரைப் பிடுங்கிவிடலாம்" என்கிறார். ஆஸ்பத்திரியில் சம்மதிக்காவிட்டால், கனகபுரா ரோட்டில் ஒரு பண்ணை வீட்டில் போதைக் காளான் கொடுத்து இதையே செய்கிறார்களாம். அதற்கு இரண்டு வாரம் முன்பே மாத்திரையை நிறுத்த வேண்டுமாம். இரண்டையும் சேர்ப்பது நல்லதா? விடியாமலே இருந்தால் தேவலை என்று சில இரவுகளில் தோன்றுகிறது. கூட வருகிறேன் என்று சொல்லும் அம்மாவோ பயந்துபோயிருக்கிறார்.

பதில்: எஸிடலோபிராமை நிறுத்தாதீர்கள். கீட்டமைனுக்காக அதை நிறுத்த வேண்டியதில்லை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கீட்டமைனைச் சேர்ப்பதுதான் வழக்கம். நிறுத்தச் சொல்வது காளானுக்காக. எஸிடலோபிராம் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள், காளானில் இருக்கும் போதைப்பொருளான ஸைலோசைபினின் வேகத்தை மழுக்கிவிடும், அதனால்தான் அப்படிச் சொல்கிறார்கள். 20 மில்லிகிராமில் இருப்பவர் சட்டென்று விட்டால் தலைச்சுற்றல், குமட்டல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது போன்ற வெட்டு, காரணமில்லாத அழுகை எல்லாம் வரலாம். கூடவே பழைய சோர்வும் தலைதூக்கும். விடியாமல் இருந்தால் தேவலை என்று ஏற்கெனவே தோன்றும் ஒருவரை அந்த நிலையில் ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில் உட்கார வைப்பது ஆபத்து. அந்த எண்ணத்தை உங்கள் டாக்டரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். இரவில் அது வலுத்தால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐ அழையுங்கள். இலவச எண் அது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

குளோனஸெபாம் விஷயம் வேறு. பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தரும் அந்த வகை மாத்திரைகள் கீட்டமைனின் பலனைக் குறைக்கக்கூடும். அதற்காக நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டவர் திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம். எந்த இரவு தள்ளிப்போடுவது, எவ்வளவு குறைப்பது என்பதை டாக்டரே சொல்லட்டும்.

பண்ணை வீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸைலோசைபின், மனநிலையை மாற்றும் வேறு இரண்டு மருந்துகளான எல்எஸ்டி, எம்டிஎம்ஏ மூன்றும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப் (என்டிபிஎஸ்) பட்டியலில் இருக்கின்றன. கையில் இருப்பது சிறு அளவு என்றால் தண்டனை குறையும், குற்றம் குற்றமாகவே நிற்கும். இடம் கொடுத்தவருக்கும் அதே சட்டத்தில் 25-ஆம் பிரிவு உண்டு. கொடைக்கானல் காளான் கதைகள் திண்டுக்கல்காரரான உங்களுக்குப் புதிதாக இருக்காது. ஒரு காளானில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. 2022-இல் வெளியான பெரிய ஆய்வில், மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வு கொண்ட 233 பேருக்கு அளந்து தயாரித்த ஸைலோசைபினைக் கொடுத்தார்கள். அதிகபட்ச அளவு 25 மி.கி., அதுவும் ஒரே ஒரு முறை. மனப்பிறழ்வு, பைபோலார் (மனநிலை உச்சத்துக்கும் அடிக்கும் மாறும் நோய்) போன்றவை இருந்தவர்களை முன்பே விலக்கிவிட்டார்கள். மருந்து இறங்கும்வரை பயிற்சி பெற்றவர் பக்கத்திலேயே இருந்தார். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் இதற்கென அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும் ஸைலோசைபினை எழுதித் தரலாம். எம்டிஎம்ஏவைச் சிகிச்சைக்கு அனுமதிக்கக் கோரிய விண்ணப்பத்தை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 ஆகஸ்டில் ஏற்க மறுத்தது. இந்த மாதிரி மருந்துகளில் நம் நாட்டில் இன்றைக்கு டாக்டர் கையால் சட்டப்படி கிடைப்பது கீட்டமைன் மட்டும்தான். மயக்க மருந்தாகப் பல காலமாக ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது, மருந்து விதிகளில் கடுமையான கட்டுப்பாடுள்ள எக்ஸ் அட்டவணையில் வருகிறது.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான கேள்விக்கு வருவோம். ஹிப்னாஸிஸையும் இம்மாதிரி மருந்தையும் சேர்க்கும் யோசனை புதிதல்ல. ஆர்னால்ட் லுட்விக், ஜெரோம் லெவைன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1960-களின் தொடக்கத்திலேயே, எல்எஸ்டி கொடுத்து, அது ஏறும் நேரத்தில் ஹிப்னாஸிஸ் செய்து, அந்த நிலையிலேயே பேச்சு சிகிச்சையும் நடத்தினார்கள். 'ஹிப்னோடெலிக்' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். போதைக்கு அடிமையானவர்களிடம் செய்த முதல் ஒப்பீட்டில் இந்தக் கூட்டு முறை மற்றவற்றைவிட நன்றாக வந்தது. பிறகு விஸ்கான்சினில் குடிநோயாளிகள் 176 பேரிடம் இன்னும் கறாராகச் சோதித்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, எந்த முறையில் சிகிச்சை பெற்றவர்களும் மற்றவர்களைவிட மேலாக இல்லை. அதற்குப் பிறகு இந்தக் கூட்டை அந்த அளவில் யாரும் சோதிக்கவில்லை. வேரைப் பிடுங்கிவிடலாம் என்று ஒருவர் உறுதி கொடுத்தால், ஆதாரம் தாங்காத சுமையை அதன் தலையில் ஏற்றுகிறார் என்றுதான் அர்த்தம்.

ஆனால் அவர் சொல்வதற்கு ஓர் அடிப்படை இருக்கிறது. எதிராளி சொல்வதை மனமும் உடம்பும் வழக்கத்தைவிட எளிதாக ஏற்கும் நிலையைத்தான் ஹிப்னாஸிஸ் பயன்படுத்துகிறது. எல்எஸ்டியும் அதே தன்மையைக் கூட்டுகிறது. 2015-இல் வெளியான, ஆரோக்கியமான 10 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வில், ஹிப்னாஸிஸ் எதுவும் செய்யாமலே, மருந்து மட்டுமே அவர்களைச் சொல்லுக்கு அதிகம் இணங்க வைத்தது. கீட்டமைன் மூளையில் வேறு ஏற்பியில் (மருந்து போய் ஒட்டும் இடத்தில்) வேலை செய்கிறது. ஆகவே அந்த முடிவை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. என்றாலும் இடம், காலம், தன் உடம்பு என்ற பிடிகள் தளர்ந்திருக்கும் நேரத்தில் காதில் விழும் ஒவ்வொரு சொல்லும் காயாத சிமெண்டில் வைத்த கால்போலப் பதியலாம் என்று எண்ணி நடப்பதுதான் பாதுகாப்பு. இதனால்தான் என் பதில் இப்படி அமைகிறது: ஹிப்னாஸிஸை மருந்துக்கு முன் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், மருந்துக்குப் பின் நிதானமாக வைத்துக்கொள்ளுங்கள், மருந்து ஏறும்போது வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் மனம் சம்பந்தப்பட்டதே அல்ல, மூச்சு சம்பந்தப்பட்டது. டிரான்ஸில், அதாவது ஹிப்னாஸிஸின் ஆழ்நிலையில், இருப்பவரிடம் வழக்கமாகச் சொல்வது, "வெளியே கேட்கும் சத்தங்கள் உங்களைத் தொந்தரவு செய்யாது, என் குரல் மட்டும் கேட்கும்" என்று. அதே நேரத்தில் பக்கத்தில் நிற்கும் நர்ஸ் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கண் திறக்கிறீர்களா, பதில் வருகிறதா என்று பார்த்துத்தான் மயக்கம் எவ்வளவு ஆழம் என்று கணிக்கிறார். நீங்கள் பதில் சொல்லவில்லை என்றால் அது டிரான்ஸா, மருந்து அளவு மீறியதா? அந்தச் சந்தேகத்தில் நிமிடங்கள் போகும். இல்லையென்றால் பயந்துபோய் டிரிப்பையே (நரம்பில் மருந்து ஏற்றுவதையே) நிறுத்திவிடுவார்கள்.

இரண்டாவது, "ஆழ்ந்த அமைதி, உடம்பு லேசாகிறது" என்ற பேச்சும் கீட்டமைன் செய்வதும் ஒத்துப்போகாது. பிபி ஏறும், நெஞ்சு படபடக்கும், குமட்டும், கை கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போகும். அமைதி என்று சொல்லப்பட்டவர் இதை உணரும்போது ஏதோ தப்பு நடக்கிறது என்றோ, தன்னால் இதுகூட முடியவில்லை என்றோ எடுத்துக்கொள்வார். மனச்சோர்வில் இருப்பவர்களுக்கு அந்த இரண்டாவது எண்ணம் மிகச் சுலபமாக வரும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. "சின்ன வயதுக்குப் போங்கள், அங்கே யார் நிற்கிறார்கள்?" என்று அந்த நிலையில் கேட்டால் யாராவது ஒருவர் நிற்கத்தான் செய்வார். அது நினைவா, மருந்தும் கேள்வியும் சேர்ந்து வரைந்த படமா என்று பிரித்துச் சொல்ல வழி கிடையாது. கேள்வி கேட்டவராலும் முடியாது, பார்த்தவராலும் முடியாது. ஆனால் பார்த்தவர் சாகும்வரை அதை நம்புவார், ஒரு சித்தப்பாவோ அண்ணனோ அதற்கு விலை கொடுப்பார். உண்மையிலேயே கொடுமைக்கு ஆளானவருக்கும் இது அநியாயம்தான், அவருடைய நிஜ நினைவைக்கூட நாளைக்கு யாரும் நம்ப மாட்டார்கள். முற்பிறவிக்குக் கூட்டிப்போகிறேன் என்பவர்கள் பெங்களூரில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அரைமயக்கத்தில் உண்மை மட்டும்தான் வெளியே வரும் என்ற நம்பிக்கை இந்த ஊருக்குப் பழையது. இங்குள்ள தடயவியல் கூடத்தில் தயோபென்டோன் என்ற மயக்க மருந்தைச் செலுத்திச் சந்தேக நபர்களிடம் நடத்திய நார்கோ சோதனைகள் ஒரு காலத்தில் நாடு முழுக்கத் தலைப்புச் செய்தி. 2010-இல் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்மதமில்லாமல் அதைச் செய்யக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்த மயக்கத்தில் ஆள் எளிதில் பிறர் சொல்லுக்கு வளைவார், கற்பனையும் கலக்கும் என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

சரி, முன்னால் என்ன செய்யலாம்? முதல் டிரிப்புக்கு முன் இரண்டு மூன்று வாரம் கிடைக்கும் என்றால் நான்கு அமர்வு, ஒவ்வொன்றும் 45 நிமிடம் போதும். வீட்டில் தினமும் பத்துப் பதினைந்து நிமிடம். கற்க வேண்டியது சுய ஹிப்னாஸிஸ். சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடும் மூச்சை நீட்டி, கண் தானாக மூடும்வரை காத்திருந்து, உடம்பின் கனத்தைக் கவனிப்பது. பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வைத்து ஒரே ஒரு வரியை மனதுக்குள் சொல்வது. கடைசியில் ஒன்றிலிருந்து ஐந்துவரை எண்ணி, கண் திறந்து, எதிரில் தெரியும் மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லி வெளியே வருவது. உள்ளே போவதைவிட இந்த வெளியே வருவதை அதிகம் பழகுங்கள். படுத்தபடி, உட்கார்ந்தபடி, பக்கத்து வீட்டில் டிரில்லர் ஓடும்போதுகூட.

அந்த ஒரு வரி தமிழில் இருக்கட்டும், எழுத்துத் தமிழில் வேண்டாம். கீட்டமைன் ஏறியிருக்கும்போது நீளமான வாக்கியம் மனதில் நிற்காது. "இது மருந்து. குறைஞ்சிரும். நான் இங்கதான் இருக்கேன்." இவ்வளவுதான். "நான் குணமாகிவிட்டேன்", "என் கவலை எல்லாம் கரைகிறது" போன்ற வரிகளை வைக்காதீர்கள். அவை நடக்காவிட்டால் வரியே எதிரியாகிவிடும். மருந்தின் வேலை குறையும் என்பது மட்டும் எந்த நிலையிலும் பொய்க்காது. இந்தப் பயிற்சியிலேயே இன்னொரு ஸஜெஷனையும் (மனதில் பதிக்கும் வரியையும்) சேர்க்கச் சொல்லுங்கள்: "சிஸ்டர் பேர் சொல்லிக் கூப்பிட்டா கண்ணத் திறப்பேன், கேட்டதுக்குப் பதில் சொல்வேன்." முன்னே சொன்ன ஆபத்தை இது ஓரளவு குறைக்கலாம்.

ஹிப்னாஸிஸில் எல்லோரும் ஒரே அளவு ஆழம் போவதில்லை. பத்தில் ஒருவர் போலச் சிலர் மிக எளிதாகப் போவார்கள், அதே அளவு பேர் போகவே மாட்டார்கள், மற்றவர்கள் நடுவில். எளிதில் போவது வரம் என்று நினைக்க வேண்டாம். சாதாரண நாளிலேயே, தன்னைத் தானே தூரத்திலிருந்து பார்ப்பது போலவோ, சுற்றி இருப்பவை நிஜமில்லாதது போலவோ உங்களுக்கு அடிக்கடி தோன்றுமானால் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். கீட்டமைனும் அதையேதான் செய்கிறது, டிரான்ஸ் அதை இன்னும் ஆழப்படுத்தும். இரண்டும் சேர்ந்து பல நாள் நீடித்த விலகல் உணர்வில் கொண்டுபோய் விட்டுவிடலாம். அப்படிப்பட்டவருக்குக் கண் திறந்தே செய்யும் மூச்சுப் பயிற்சியும், காலைத் தரையில் அழுத்தி உணர்வதும் போதும்.

டிரிப் நாளன்று என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள். மனச்சோர்வுக்கான வழக்கமான அளவு ஒரு கிலோ எடைக்கு 0.5 மி.கி., 40 நிமிடத்தில் மெதுவாக. 60 கிலோ என்றால் 30 மி.கி. பொதுவாக வாரத்துக்கு இரண்டு முறை, மூன்று வாரம். மயக்க மருந்துக்கான விதிப்படி லேசான உணவு 6 மணி நேரம் முன்னதாக, தண்ணீர் 2 மணி நேரம் முன்னதாக முடித்திருக்க வேண்டும். பிபி, நாடி, ஆக்ஸிஜன் அளவு மூன்றும் நடுநடுவே பார்க்கப்படும். மூச்சுக்குழாயைக் கையாளத் தெரிந்தவர், ஆக்ஸிஜன், சக்ஷன் மெஷின் அறையிலேயே இருக்க வேண்டும். இல்லாத இடத்தில் படுக்காதீர்கள். கட்டுப்படாத பிபி, ரத்தநாளத்தில் வீக்கம், கர்ப்பம், குடும்பத்தில் ஸ்கிஸோஃப்ரினியாவோ பைபோலாரோ இருப்பது, இவற்றில் எது இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

துணைக்கு உளவியலாளர் ஒருவர் பக்கத்தில் உட்காருவது நல்லதுதான். அவர் பேச வேண்டியது மிகக் குறைவு. "நான் பக்கத்துல இருக்கேன்", "வர்றது வரட்டும்", "மூச்சு விடுங்க" என்பவற்றைத் தாண்டி உள்ளடக்கம் எதையும் அவர் கொடுக்கக் கூடாது. நீங்களாக ஒன்றைச் சொன்னால் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லலாம். "தண்ணி" என்று நீங்கள் முணுமுணுத்தால் "தண்ணி" என்றுதான் அவர் சொல்ல வேண்டும். "அது உங்கள் அம்மாவின் அன்பு" என்று விளக்கம் தந்தால் அங்கேயே கோணல் ஆரம்பித்துவிடும். வாய் குழறும் என்பதால் கைச் சைகையை முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்: ஒரு விரல் தூக்கினால் சரி, உள்ளங்கையை விரித்தால் நிறுத்து. சைகை வரவில்லை என்பதைச் சம்மதமாக எடுக்கக் கூடாது.

தொடுவது பற்றி எழுத்தில் வாங்குங்கள். கையா, தோளா, எதுவுமே வேண்டாமா என்பதை மருந்து ஏறும் முன் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மருந்து ஏறிய பிறகு "சரி" என்று நீங்களே சொன்னாலும் பட்டியலில் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. "வேண்டாம்" மட்டும் எப்போதும் செல்லும். கனடாவில் நடந்த ஓர் எம்டிஎம்ஏ ஆய்வில் சிகிச்சை அளித்தவர்களே பங்கேற்றவரிடம் அத்துமீறினார்கள். அந்த இடத்தின் தரவுகளைச் சேர்த்து வெளியிட்ட மூன்று கட்டுரைகளை ஆய்விதழ் 2024-இல் திரும்பப் பெற்றது. ஆய்வு விதிகளும் வீடியோ கேமராவும் இருந்த இடத்திலேயே நடந்தது என்றால், எதுவுமே இல்லாத பண்ணை வீட்டை நினைத்துப்பாருங்கள். அம்மா அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கட்டும். அவர் வருவது பாரமில்லை, பாதுகாப்பு.

டிரிப் முடிந்து ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆனாலும் இரண்டு மணி நேரமாவது அங்கேயே இருங்கள். பெயர், தேதி, இடம் சொல்ல வேண்டும், நேர்க்கோட்டில் நடக்க வேண்டும், பிபி பழைய அளவுக்கு வந்திருக்க வேண்டும். ஐந்துவரை எண்ணும் அந்தப் பயிற்சியை அப்போது ஒருமுறை செய்யுங்கள். அன்றைக்கு ஸ்கூட்டி தொடக் கூடாது, ஆபீஸ் மீட்டிங்கைப் போனில்கூட எடுக்கக் கூடாது. ஒரு இரவு நன்றாகத் தூங்கிய பிறகுதான் வண்டி ஓட்டலாம். வேலையை விடுவது, கல்யாணத்தை முறிப்பது போன்ற முடிவுகளை ஆறு டிரிப்பும் முடிந்து சில வாரம் கழித்து எடுங்கள்.

வீட்டுக்குப் போனதும், யாரிடமும் பேசும் முன், பார்த்ததையும் உணர்ந்ததையும் போனில் குரல் பதிவாகப் போட்டுவைத்துவிடுங்கள். விளக்கம் வேண்டாம். "ஒரு குழாய் மாதிரி இருந்துச்சு, பயமா இருந்துச்சு, அப்புறம் சிரிப்பு வந்துச்சு" என்ற அளவில் போதும். இதற்குப் பிறகுதான் சிகிச்சையாளரிடம் பேச்சு, அதற்கும் பிறகுதான் ஹிப்னாஸிஸ். இந்த வரிசை மாறினால் உங்கள் அனுபவத்தின் மேல் அடுத்தவர் சொல் படிந்துவிடும், பிறகு அசல் எது என்று உங்களுக்கே தெரியாது. அப்படி ஒன்றும் தோன்றவில்லை என்றாலும் கவலை வேண்டாம். காட்சி எதுவும் வராமலே சோர்வு குறைந்தவர்கள் உண்டு.

கீட்டமைனின் பலன் பலருக்கு மறுநாளே தெரியும், ஒரு டிரிப்போடு நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரத்தில் தேய்ந்துவிடும். மனம் சற்று இலகுவாக இருக்கும் அந்த நாட்களில்தான் ஹிப்னாஸிஸுக்கு உண்மையான வேலை இருக்கிறது. வேரைத் தோண்டுவதில் அதைச் செலவழிக்காதீர்கள். நாளை காலை ஆறரைக்கு எழுந்து செருப்பை மாட்டி ஏரிக்கரையில் இருபது நிமிடம் நடப்பது, மூன்று மாதமாக எடுக்காத தோழியின் போனை எடுப்பது, இவற்றைக் கண்மூடி நுணுக்கமாக ஒத்திகை பார்க்கலாம். மூன்றாவது படியில் இறங்கும்போது "இன்னிக்கு வேண்டாம்" என்று தோன்றும் இடம்வரை. அந்த இடத்தில் விரல்களைச் சேர்ப்பது, ஒரு மூச்சு, அடுத்த படி. 24 முதல் 48 மணி நேரத்துக்குள் ஒரு அமர்வு வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது.

இப்போது நீங்கள் பார்க்கும் ஹிப்னோதெரபிஸ்டிடம் தொடரலாமா? ஹிப்னோதெரபிஸ்ட் என்று போர்டு வைக்க நம் நாட்டில் எந்தக் கவுன்சிலின் பதிவும் தேவைப்படுவதில்லை. வார இறுதி வகுப்பின் சான்றிதழ்கூடச் சுவரில் தொங்கலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் (ஆர்சிஐ) பதிவு எண் இருக்கும், அதைக் கேளுங்கள், ஆர்சிஐயின் தளத்தில் சரிபாருங்கள். மனநல டாக்டர் என்றால் மருத்துவக் கவுன்சில் எண். அதைவிட முக்கியம், உங்கள் டாக்டரோடு அவர் பேசத் தயாரா என்பது. தூக்கத்துக்கு அவர் கற்றுக்கொடுத்தது பயன்பட்டிருந்தால் அது வீண் போகாது. ஆனால் மாத்திரையை நிறுத்தச் சொல்லிச் சட்டவிரோதமான இடத்துக்கு வழிகாட்டியவரிடம் இந்தச் சிகிச்சையை ஒப்படைக்க நான் சொல்ல மாட்டேன்.

ஆறு டிரிப் முடிந்தும் மாற்றம் இல்லை என்றால் டோஸை ஏற்றிக்கொண்டே போகச் சம்மதிக்காதீர்கள். நீண்ட நாள் அடிக்கடி எடுத்தால் சிறுநீர்ப்பை புண்ணாகலாம், பழக்கமாகவும் ஆகலாம். அப்போது ஈசிடி, அதாவது மூளைக்கு மின்சாரம் செலுத்தும் சிகிச்சை, பற்றிக் கேளுங்கள். 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மனப்பிறழ்வு இல்லாத, மருந்துக்கு மசியாத மனச்சோர்வில் கீட்டமைனுக்குச் சுமார் 55 சதவீதம் பேரும் ஈசிடிக்குச் சுமார் 41 சதவீதம் பேரும் பலன் கண்டார்கள். ஒன்று கை கொடுக்காதவருக்கு மற்றொன்று கொடுக்க வாய்ப்பு இருக்கிறது. அம்மாவுக்குச் சினிமாவில் பார்த்த ஷாக் ட்ரீட்மென்ட் நினைவு வந்து பயப்படுவார். மயக்கம் கொடுத்து, தசை தளர்த்திச் செய்வது என்று டாக்டரையே அவருக்கு எடுத்துச்சொல்லச் சொல்லுங்கள். அடுத்த முறை பார்க்கப் போகும்போது மாத்திரைப் பட்டியல், பிபி எழுதிய தாள், மேலே சொன்ன சைகையும் தொடுதல் பட்டியலும் எழுதிய காகிதம், மூன்றையும் கையோடு எடுத்துப்போங்கள்.